மூன்று இராசாக்கள் திருநாளுக்கு மூன்று பலகாரம்: மறைக்கல்வி வகுப்புக்கான கேள்வி பதில்கள்

நத்தார் குடிலைக் கழற்றுவதற்கு முன் வரும் பெரிய நாள் மூன்று இராசாக்கள் திருநாள். குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் கொண்டுவந்த பொன், தூபம், வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கைகளையும் பலகாரமாகச் செய்து, ருசியாலும் மணத்தாலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல விரும்பும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்பவை இங்கே உள்ளன. அளவுகள் 30 பிள்ளைகள் உள்ள வகுப்புக்குச் சொல்லப்பட்டவை. வீட்டுக்கென்றால் மூன்றில் ஒரு பங்கு தாராளம்.

திருநாள் ஜனவரி 6ஆம் திகதியா, ஞாயிற்றுக்கிழமையா?

பழைய நாள் ஜனவரி 6. அது கடன்திருநாளாக (கட்டாயம் பூசைக்குப் போக வேண்டிய நாளாக) இல்லாத நாடுகளில் ஜனவரி 2 முதல் 8 வரைக்குள் வரும் ஞாயிற்றில் கொண்டாடலாம் என்பது கத்தோலிக்க ஒழுங்கு. இங்கே திருகோணமலையிலும் ஞாயிறு வழக்கம். வழிபாட்டு நாட்காட்டியில் ‘ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா’ என்று இருப்பது இதுதான். அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையாரும் இதே நாட்களில் நினைவுகூருகிறார்கள்.

கேக் ஒன்றை வெட்டிக் கொடுத்தால் போதாதா?

ஜனவரி முதல் வாரத்தில் திருகோணமலைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் கேக் என்றாலே முகத்தைத் திருப்புவார்கள். நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார்கள். அதைவிட முக்கியம், கிரீடம் வரைந்த கேக்கில் பாடம் ஐசிங்கோடு நின்றுவிடும். உள்ளே போவது வெறும் சீனி.

இங்கே சொல்லும் முறையில் மூன்று காணிக்கைக்கும் மூன்று பலகாரம். பொன்னுக்கு மஞ்சள் ரவை உருண்டை. தூபத்துக்கு ஏலம் மணக்கும் வெள்ளைத் தேங்காய் ரொபி. வெள்ளைப்போளத்துக்குக் கசப்பு ஏறிய எள்ளுருண்டை. முதலாவது கண்ணுக்கு, இரண்டாவது மூக்குக்கு, மூன்றாவது நாக்குக்கு. ஒன்றுக்கும் ஓவன் தேவையில்லை. சாமான்களும் தைப்பொங்கலுக்காகச் சந்தையிலும் கடையிலும் வந்து குவியும் காலம் அது.

பலகாரம் செய்ய முன் ஆசிரியர் எதைச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்?

மத்தேயு நற்செய்தி 2ஆம் அதிகாரம், 1 முதல் 12 வரை. அதை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். அங்கே ‘மூவர்’ என்று இல்லை, ‘இராசாக்கள்’ என்றும் இல்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் என்றுதான் இருக்கிறது. காணிக்கை மூன்று என்பதால் ஆட்கள் மூவர் என்று ஆனது. எசாயா 60ஆம் அதிகாரமும் திருப்பாடல் 72உம் அரசர்கள் காணிக்கையோடு வருவதைப் பாடுவதால் ஞானிகள் அரசர்களானார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பின்னைய மரபில் வந்தவை. 11ஆம் வசனம் அவர்கள் ‘வீட்டிற்குள்’ போனார்கள் என்கிறது. தொழுவம் அங்கே இல்லை.

இதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளையிடம் கொட்டத் தேவையில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை ‘ஒட்டகம் எத்தனை?’ என்று கேட்டால், மத்தேயு ஒட்டகமே சொல்லவில்லை, அது எசாயாவில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பொன் உருண்டை எப்படிச் செய்வது?

ரவை 250 கிராம், பொடித்த சீனி 175 கிராம், நெய் 75 கிராம், மஞ்சள் தூள் எட்டில் ஒரு தேக்கரண்டி, இளஞ்சூட்டுப் பால் 4 முதல் 5 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

தாச்சியில் 50 கிராம் நெய் விட்டு ரவையைச் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் வறுங்கள். வாசம் வர வேண்டும், நிறம் மாறக்கூடாது. ரவை சிவந்துவிட்டால் பிறகு எவ்வளவு மஞ்சள் போட்டாலும் பொன்னிறம் வராது, மண்ணிறம்தான் வரும். மீதி 25 கிராம் நெய்யை ஒரு கரண்டியில் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மஞ்சளைப் போட்டுக் கலக்கி ரவையில் ஊற்றுங்கள். மஞ்சளை நேரே பாலில் கரைத்தால் பச்சை மணம் போகாது. ரவை கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே சீனி. கொதி ரவையில் சீனியைப் போட்டால் அது இளகி, ஆறியதும் உருண்டை கல்லாகிவிடும். பாலை ஒவ்வொரு கரண்டியாகத் தெளித்துப் பிசைந்து 5 நிமிடம் மூடி வைத்து உருட்டினால் தேசிக்காய் அளவில் 30 வரும்.

உருட்டும்போது உதிர்கிறதே?

பால் போதவில்லை, அல்லது ரவை பருமன். ஒரு தேக்கரண்டி இளஞ்சூட்டுப் பால் தெளித்து இறுக்கிப் பிடியுங்கள். கையில் ஒட்டினால் எதையும் சேர்க்காமல் 10 நிமிடம் விடுங்கள், ரவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு வறுக்காத ரவையைத் தூவுவோர் உண்டு. அது பல்லில் நறநறக்கும்.

தூப ரொபிக்கு?

முற்றிய தேங்காய் இரண்டைத் துருவி 300 கிராம் பூ எடுங்கள். சிரட்டை ஓரத்துக் கபிலப் பகுதி வரக்கூடாது, ரொபி வெள்ளையாக இருக்க வேண்டும். சீனி 300 கிராம், பால் 100 மில்லிலீற்றர், ஏலக்காய் 12, உப்பு ஒரு சிட்டிகை, தட்டில் பூச சிறிது பட்டர்.

சீனியையும் பாலையும் காய்ச்சி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு கம்பி இழுபடும் பதம் வந்ததும் தேங்காய்ப்பூவைக் கொட்டிக் கை விடாமல் கிளறுங்கள். 10 முதல் 12 நிமிடத்தில் தாச்சியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும். இறக்குவதற்குச் சற்று முன்புதான் ஏலப்பொடி. முதலிலேயே போட்டால் மணம் சமையலறையோடு போய்விடும், பாடத்துக்கு மிஞ்சாது. பட்டர் பூசிய 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் பரப்பி, 10 நிமிடத்தில் கத்தியால் கோடு போட்டு வைத்து, முழுதாக ஆறியதும் துண்டு பிரியுங்கள். ஐந்துக்கு ஆறாக 30 துண்டு.

இறுகாமல் களியாக நின்றால் திரும்பத் தாச்சிக்குப் போகலாம், நட்டமில்லை. பொடிப்பொடியாக உதிர்ந்தால் பாகு முற்றிவிட்டது. இரண்டு கரண்டி பால் விட்டு மீண்டும் சூடாக்கினால் ஓரளவு மீளும், ஆனால் பளபளப்பு வராது. ஜனவரியில் வாடைக்காற்றோடு மழையும் இருக்கும் என்பதால் மற்றக் காலத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூடக் கிளறுங்கள். ஈரக் காற்றில் சீனி தண்ணீர் விட்டு ரொபியின் மேற்பக்கம் பிசுபிசுக்கும்.

உண்மையான சாம்பிராணியில் துளி சேர்க்கலாமா?

கூடாது. கடையில் புகைக்க விற்பது எதுவும் சாப்பாட்டுக்கானதல்ல. கட்டிச் சாம்பிராணியில் கரித்தூளும் செயற்கை வாசனையும் கலந்திருக்கும். முகர மட்டும் கொடுங்கள். பூசையில் காட்டும் தூபத்தில் இரண்டு மூன்று மணியை ஒரு சிறு போத்தலில் போட்டு, பிள்ளைகள் கண்ணை மூடியிருக்க மூக்கருகே கொண்டுபோங்கள். பிறகு ரொபியை முகரச் சொல்லுங்கள். தூபம் கடவுளுக்குக் காட்டுவது, அதை ஒரு குழந்தைக்கு ஏன் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் பதில் பிள்ளைகளிடமிருந்தே வரும்.

எள்ளுருண்டையைக் கசப்பாக்குவது ஏன்? எப்படி?

மூன்றில் இதுவே முக்கியம். மற்ற இரண்டையும் செய்ய நேரமில்லாவிட்டால் இதை மட்டுமாவது செய்யுங்கள். வெள்ளைப்போளம் ஒரு மரப் பிசின், மணமும் கசப்பும் சேர்ந்தது. நற்செய்தியில் அது மூன்று இடத்தில் வருகிறது. குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையாக. சிலுவையில் அறையுமுன், திராட்சை இரசத்தில் கலந்து அவருக்குக் கொடுக்க முயன்றபோது (மாற்கு 15:23). அடக்கத்துக்கு நிக்கதேம் கொண்டுவந்தபோது (யோவான் 19:39). தொட்டிலில் ஆரம்பித்துக் கல்லறை வரை கூட வரும் ஒரே காணிக்கை அது. இறந்தவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதை அயலில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, எள்ளு ஏன் இந்த இடத்துக்கு வந்தது என்று நீட்டி விளக்கத் தேவையில்லை.

கறுப்பு எள்ளு 250 கிராம், சர்க்கரை அல்லது பனங்கட்டி 125 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. வழக்கமான உருண்டைக்குச் சர்க்கரை இன்னும் கூடப் போடுவோம், எள்ளின் கோதையும் நீக்குவோம். இங்கே இரண்டும் வேண்டாம். கோதில்தான் கசப்பு இருக்கிறது.

எள்ளில் மண் இருக்கும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டு, மேலே மிதப்பதை அரிதட்டில் அள்ளி, அடியில் தங்கும் மண்ணை விட்டுவிடுங்கள். மூன்று நான்கு தண்ணீர் மாற்ற வேண்டும். மாரி காலத்தில் வெயிலை நம்ப முடியாது. துணியில் பரப்பிக் காற்றாடியின் கீழ் ஓர் இரவு விட்டு, மறுநாள் மிகச் சிறு தீயில் ஈரம் போக வாட்டிவிட்டு வறுக்கத் தொடங்குங்கள். ஈர எள்ளை நேரே நல்ல சூட்டில் போட்டால் வெளிப்பக்கம் கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

வறுக்க 6 முதல் 8 நிமிடம். எள்ளு படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூட வைத்து உடனே வேறு தட்டில் கொட்டுங்கள். தாச்சியிலேயே விட்டால் அடிச்சூட்டில் கருகிவிடும். கருகல் வேறு, கசப்பு வேறு: கருகிய எள்ளைப் பெரியவர்களும் துப்புவார்கள். ஆறியபின் மிக்சியில் விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களிம்பாகும். துருவிய சர்க்கரையும் உப்பும் சேர்த்து இன்னும் இரண்டு சுற்று. உரலில் இடித்தால் பதம் இன்னும் நன்றாக வரும், பிள்ளைகளுக்கும் உலக்கை பிடிக்க ஆசை. நெல்லிக்காய் அளவில் 30 உருண்டை.

பிள்ளைகள் துப்பிவிட்டால்?

ஓரிருவர் முகம் சுளிப்பார்கள். அதற்காகத்தான் செய்தோம். அந்த நேரத்தில் சிரிக்கவோ அதட்டவோ வேண்டாம், ‘ஒரு குழந்தைக்கு யாராவது கசப்பைப் பரிசாகக் கொண்டுவருவார்களா?’ என்று கேளுங்கள். கட்டாயப்படுத்தி விழுங்க வைக்க வேண்டாம். சர்க்கரையைக் கூட்டி இனிப்பாக்கிவிட்டு ‘இதுதான் வெள்ளைப்போளம்’ என்று சொல்வது மட்டும் வேண்டாம். அதைவிட ஒரு கடலை உருண்டை வாங்கிக் கொடுக்கலாம்.

நட்சத்திரம் இல்லாமல் இந்தத் திருநாளா? பிஸ்கட் செய்ய முடியாதா?

ஓவன் இருந்தால் தாராளமாக. கோதுமை மா 300 கிராம், பட்டர் 200 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், முட்டை மஞ்சட்கரு 1, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு சிட்டிகை. பேக்கிங் பவுடர் போடாதீர்கள், பொங்கி முனை மழுங்கிவிடும். பட்டரையும் சீனியையும் குழைத்து, கருவும் மாவும் சேர்த்து, திரண்டவுடன் பிசைவதை நிறுத்துங்கள். அரை மணி நேரம் பிரிட்ஜில். இரண்டு ஒயில் பேப்பருக்கு நடுவே 5 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி வெட்டி, தட்டோடு இன்னும் 15 நிமிடம் பிரிட்ஜில் வைத்து, 170 பாகை செல்சியசில் 12 முதல் 14 நிமிடம்.

இரண்டாம் முறை குளிர வைப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர்ச் சூட்டில் பட்டர் கையிலேயே இளகிவிடும். அப்படியே ஓவனில் வைத்தால் நட்சத்திரம் பரந்து பூவாகிவிடும். அச்சு வாங்கும்போது முனை மொட்டையான ஐந்து மூலை அச்சாகப் பாருங்கள். கூர் முனை நடுப்பகுதி வேகுமுன் கருகும்.

ஓவன் இல்லை. மணல் சட்டியில் முடியுமா?

முடியும். கனமான சட்டியில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் அல்லது உப்பு, மேலே ஒரு வளையம், மூடி. நடுத்தரத் தீயில் 15 நிமிடம் சூடாக்கிவிட்டுத் தட்டை வைத்தால் 15 முதல் 20 நிமிடத்தில் வேகும். மேற்பக்கம் நிறம் வராது, அடிப்பக்கத்தைப் பார்த்து இறக்குங்கள். கடற்கரை மணல் எடுக்க வேண்டாம், சிப்பித் துண்டு கலந்திருக்கும். ஒரு தட்டுக்கு ஏழெட்டுப் பிஸ்கட்தான் கொள்ளும் என்பதால் 30 பிள்ளைகளுக்குச் செய்யப் பொறுமை வேண்டும். தெரிந்த பேக்கரியில் பாண் எடுத்தபின் தணிந்த போறணையில் ஒரு தட்டு வைத்துத் தரக் கேட்பது சுலபம்.

ஸ்பெயினிலும் பிரான்சிலும் இந்த நாளுக்குக் கிரீட வடிவில் ஏதோ செய்து உள்ளே ஒன்றை ஒளித்து வைப்பார்களாமே?

ஆம். ஸ்பெயினிலும் மெக்சிக்கோவிலும் வளைய வடிவப் பணிஸ், மேலே பழத் தோசி, உள்ளே ஒரு சிறு பொம்மை. மெக்சிக்கோவில் பொம்மை கிடைத்தவர் பெப்ரவரி 2ஆம் திகதி காணிக்கை மாதா திருநாளுக்கு மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். பிரான்சில் தட்டையான அடுக்கு மாப் பலகாரம், உள்ளே அவரை விதை அல்லது பீங்கான் பொம்மை. கிடைத்தவர் அன்றைக்கு இராசா.

செய்ய விரும்பினால்: கோதுமை மா 500 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சீனி 80 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, பட்டர் 80 கிராம், முட்டை 1, இளஞ்சூட்டுப் பால் 240 மில்லிலீற்றர். 10 நிமிடம் பிசைந்து இரண்டு மடங்காகப் பொங்க விடுங்கள். மழை நாளில் ஒன்றரை மணி நேரம் வரை எடுக்கும். 60 சென்ரிமீற்றர் நீளத்துக்கு உருட்டி வளையமாக்கி, நடுவே வெளிப்புறம் பட்டர் பூசிய சில்வர் ரம்ளரை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வேகும்போது ஓட்டை மூடிக் கிரீடம் பாண் உருண்டையாகிவிடும். இன்னும் 40 நிமிடம் பொங்கியபின் 180 பாகையில் 25 முதல் 28 நிமிடம். ஓவனில் வைக்குமுன் முட்டை பூசிப் பூசணித் தோசி, செரி, கஜுத் துண்டுகளை ஒட்டினால் கல் பதித்த கிரீடம். 15 பிள்ளைகளுக்கு ஒரு வளையம் காணும்.

ஒளித்து வைக்கப் பொம்மையோ நாணயமோ வேண்டாம், தொண்டையில் சிக்கும். விதை எடுத்த பேரீச்சம்பழப் பாதி ஒன்றை, வெந்து ஆறியபின் அடிப்பக்கத்தில் கீறிச் செருகுங்கள். மென்மையானது, கடித்தாலும் பல்லுக்கு ஒன்றுமில்லை.

எந்த வயதுப் பிள்ளைக்கு எந்த வேலை?

நான்கு முதல் ஆறு வயது வரை உருட்டுவதும் நட்சத்திரம் வெட்டுவதும். ஏழு முதல் ஒன்பது வரை நிறுப்பது, ஏலம் உடைப்பது, எள்ளுக் கழுவுவது. பத்துக்கு மேல், பெரியவர் பக்கத்தில் நிற்க ரவை வறுக்கலாம். கொதிக்கும் பாகுக்குக் கிட்ட எந்தப் பிள்ளையும் வேண்டாம். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு எரிக்கும், தண்ணீர் போல் வழிந்து போகாது.

ஒவ்வாமை?

எள்ளு, பால், முட்டை, கஜு, கோதுமை எல்லாம் ஒவ்வாமை தரக்கூடியவை. ரவையும் கோதுமைதான் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. முந்திய ஞாயிறே பெற்றோரிடம் கேளுங்கள். எள்ளு ஒவ்வாத பிள்ளைக்குச் சீனி குறைத்த கொக்கோ உருண்டை கொடுக்கலாம், ஆனால் வேறு தாச்சி, வேறு மிக்சிக் கிண்ணம். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுக் கஜு வேண்டாம்.

அயலில் சைவ, முஸ்லிம், பௌத்தப் பிள்ளைகளுக்கும் தட்டு அனுப்பலாமா?

திருகோணமலையில் இதைக் கேட்கவே வேண்டாம், நத்தாருக்கும் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வெசாக்குக்கும் தட்டுப் போய் வருவது இங்கே வழக்கம். மூன்று பலகாரத்திலும் முட்டையோ இறைச்சிச் சேர்மானமோ இல்லை. பிஸ்கட்டிலும் பணிசிலும் முட்டை உண்டு, சைவ உணவுக்காரர் வீட்டுத் தட்டில் அவற்றை வைக்காதீர்கள். அலங்காரத்துக்கு மார்ஷ்மெலோ, ஜெலி மிட்டாய் சேர்ப்போர் உறையைப் பாருங்கள். ஜெலற்றின் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். அயலுக்குப் போகும் எள்ளுருண்டையில் வழக்கமான அளவு சர்க்கரை போடுங்கள். கசப்புப் பாடம் வகுப்புக்கு மட்டும்.

எதை எந்த நாளில் செய்வது?

வியாழன் இரவு எள்ளைக் கழுவிப் பரப்புங்கள். வெள்ளி எள்ளுருண்டை, காற்றுப் புகாத ரின்னில் ஒரு வாரம் இருக்கும். சனி காலை ரொபி, மாலை ரவை உருண்டை. பால் சேர்ந்த ரவை உருண்டை வெளியே இரண்டு நாளைக்கு மேல் நில்லாது. பிஸ்கட் சனிக்கிழமை சுட்டு, முழுதாக ஆறியபின்தான் ரின்னில் அடைக்க வேண்டும். ஞாயிறு காலை நமுத்திருந்தால் 150 பாகையில் 5 நிமிடம் வைத்து எடுங்கள். இதனால்தான் மழைக்காலத்தில் ஐசிங் பூசாமல் விடுவது நல்லது, பூசியதைத் திரும்பச் சூடாக்க முடியாது. கிரீடப் பணிஸ் அன்றன்று.

வகுப்பில் எந்த ஒழுங்கில் கொடுப்பது?

பூசைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய பிள்ளைகள் நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் உண்ணாதிருக்க வேண்டும், சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன் சமையலில் ‘ருசி பார்ப்பதும்’ இதில் அடங்கும்.

நட்சத்திரப் பிஸ்கட்டுகளை வாசலிலிருந்து குடில் வரை வாழையிலைத் துண்டுகளில் இடைவெளி விட்டு வையுங்கள், பிள்ளைகள் அந்த வழியே நடந்து வரட்டும். குடிலுக்கு முன் பொன், பிறகு தூபம், கடைசியில் வெள்ளைப்போளம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி: பொன் யாருக்குக் கொடுப்பார்கள்? தூபம் யாருக்கு? இந்தக் கசப்பு யாருக்கு? நீங்கள் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். எள்ளுருண்டைக்குப் பிறகு குடிக்கத் தண்ணீர் தயாராக இருக்கட்டும், தேநீர் வேண்டாம், கசப்பு உடனே மறைந்துவிடும். முடிந்ததும் வந்த வழியால் அனுப்பாமல் மற்ற வாசலால் வெளியே விடுங்கள். ஏரோது அரசனிடம் திரும்பாமல் ஞானிகள் வேறு வழியாகத் தம் நாட்டுக்குப் போனார்கள் என்ற 12ஆம் வசனத்தை, அந்த வாசலில் நிற்கும் ஆசிரியர் வாசித்தால் போதும்.